சாருக்கு எந்த ஊர்?

ஆபீஸில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் நம் ஆட்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுதான். 'சாருக்கு எந்த ஊர்?'

"தஞ்சாவூர் பக்கம்."

"பக்கம்னா?"

"பாபநாசம்."

"அட! எங்க சித்தப்பா பொண்ணை அங்கேதான் கொடுத்திருக்கு!"

அவ்வளவுதான். டீ வருகிறது. மூன்று வாரமாகத் தூங்கிய ஃபைல் எழுந்து நடக்கிறது!

இதையே டேல் கார்னகி 1936-ல் புத்தகமாக எழுதினார். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மறுநாள் வரப்போகும் விருந்தாளிக்குப் பிடித்த விஷயத்தை முதல் நாள் ராத்திரியே கண்விழித்துப் படித்துவிடுவாராம். 1984-ல் ராபர்ட் சியால்டினி எழுதிய 'இன்ஃப்ளூயன்ஸ்' இன்னும் விவரமானது. நம்மைப் போலவே இருக்கிறார் என்று தோன்றுகிறவர் கேட்டால் நம்மால் சட்டென்று மறுக்க முடியாது என்கிறார். பழைய காரை மாற்ற வருகிறவரின் டிக்கியில் கூடாரம், கேம்ப் சாமான் இருந்தால், சேல்ஸ்மேன் சற்று நேரம் கழித்து, 'எனக்கும் ஊரை விட்டு வெளியே போய்த் தங்கறதுன்னா உயிர்' என்று எடுத்து விடுவாராம்.

நானும் எடுத்து விட்டேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கம்பெனியில் எங்கள் பில் மாட்டிக்கொண்டிருந்தது. பாஸ் பண்ண வேண்டிய அக்கவுண்ட்ஸ் ஆபீசர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சச்சின் படம்! விடுவேனா?

"1999 சேப்பாக்கம் டெஸ்ட்டுக்கு அப்பாகூட போயிருந்தேன் சார். பாகிஸ்தான் மேட்ச். சச்சின் 136!"

மனிதர் நிமிர்ந்தார். "எந்த ஸ்டாண்ட்?"

"டி ஸ்டாண்ட் சார்."

"நானும் அங்கேதான் இருந்தேன். பன்னிரண்டு ரன்ல போச்சே! ஆமா, கடைசியா அவுட்டானது யாரு?"

"கும்ப்ளே சார்."

"ஸ்ரீநாத்" என்றார். பில்லைத் திருப்பி நீட்டினார். "ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டலை. ஒட்டிட்டு வாங்க."

அன்றைக்கு எனக்கு ஏழு வயசு. வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த நிஜத்தைச் சொல்லியிருந்தாலே போதும். 'நானும்தாம்ப்பா அழுதேன்' என்றிருப்பார் மனுஷன்!

அடுத்த வாரம் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டு போனேன். அவர் பெட்டி கேஷ் நோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். லெட்ஜருக்கும் நோட்டுக்கும் 450 ரூபாய் உதைக்கிறது. அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுக்கவில்லை.

"சார், 450 ஒன்பதால மீதியில்லாம வகுபடுது. எங்கேயாவது நம்பரை இடம் மாத்தி எழுதியிருக்கலாம்."

தேடினோம். 1,270 என்பதை யாரோ 1,720 என்று ஏற்றியிருந்தார்கள்.

"பி.காமா?" என்றார்.

"ஆமா சார்."

"எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்த வித்தை. மறந்தே போச்சு பாருங்க." பில் பாஸ்!

அன்றைக்கு நான் எதையும் ஜோடிக்கவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே தலைவலி, அவ்வளவுதான். அப்புறம் கவனித்தேன். ஆபீஸில் ஒட்டிக்கொள்ளும் சிநேகம் பலதும் இப்படித்தான். மார்ச் 31 ராத்திரி சேர்ந்து பரோட்டா தின்றவர்கள், ஒரே லோக்கல் டிரெயினைத் தவறவிட்டவர்கள்...

ஆனால் 'எந்த ஊர்?' கேள்வியில் ஒரு விவகாரம் உண்டு. சில பேர் ஊரோடு நிறுத்துவதில்லை. 'ஊர்ல எந்தத் தெரு?' என்பார்கள். அடுத்து, 'அப்பா பேரு?' எதைத் தோண்டுகிறார்கள் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். புதிதாகச் சேர்ந்த பையன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு நெளிவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாளிலிருந்து தன் சீட்டிலேயே தனியாகச் சாப்பிட்டான். தோண்டியவர்கள் மட்டும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, 'நம்மாளு' என்று தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால், 'எந்த பஸ்ல வர்றீங்க?' என்று கேட்கலாமே சார்? அந்தக் கஷ்டம் எல்லாருக்கும் பொதுவாச்சே!

அக்கவுண்ட்ஸ் ஆபீசர் இப்போதும் என்னை விடுவதில்லை. பார்க்கும்போதெல்லாம், "என்ன, டி ஸ்டாண்டா?" என்கிறார். சிரித்துக்கொண்டேதான்!