உஷார்! அந்தப் பழைய எம்.ஆர்.ஐ. சி.டி. பத்திரம்!

வீட்டில் யாருக்காவது எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறதா? அப்படியென்றால் இதைப் படித்த கையோடு பீரோவைத் திறங்கள். மூளை ஸ்கேன் எடுத்தபோது கொடுத்த சி.டி. இருக்கிறதா? கம்ப்யூட்டரில் போட்டால் திறக்கிறதா?

என் தங்கையின் சி.டி. திறக்கவில்லை. ஃபிலிமோடு சேர்த்து பெரிய கவரில் சொருகி பீரோ மேல் போட்டிருந்தோம். இரண்டு வருஷ வெயிலும் தூசியும் பட்டு, பளபளப்பான பக்கம் முழுக்க கீறல். புதிதாக எடுத்த ஸ்கேனில் கூடுதலாகச் சில வெண்புள்ளிகள் தெரிந்தன. "இது புதுசா, முன்னாடியே இருந்ததாம்மா? பழைய படத்தைக் காட்டுங்க" என்றார் நரம்பியல் டாக்டர். பழைய ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். "அதெல்லாம் அழிச்சாச்சு மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கையில் மிஞ்சியது ரிப்போர்ட் மட்டும். அதில் 'பல வெண்புள்ளிகள்' என்றுதான் இருந்தது. எத்தனை, எங்கே, என்ன அளவு, எதுவும் இல்லை. மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று மாதம் காத்திருந்து, திரும்பவும் ஸ்கேன் எடுத்தோம். அந்த மூன்று மாதம் அவள் சரியாகத் தூங்கவே இல்லை.

எம்.எஸ்.ஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பு மேல் உள்ள மயலின் உறையைத் தாக்குகிறது. தாக்கிய இடம் ஸ்கேனில் வெண்புள்ளியாகத் தெரியும். புண் புதிதாக இருக்கும்போது காடோலினியம் ஊசி போட்டால் பளிச்சென்று ஒளிரும். ஆனால் அந்த ஒளி சில வாரம்தான். பிறகு பழைய தழும்பும் போன மாதத் தழும்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

"நல்லாத்தானே இருக்கேன், இந்த வருஷம் ஸ்கேன் எதுக்கு?" என்று கேட்பவர்களே, ரொம்ப ஜாக்கிரதை! வெளியே தெரியும் ஒவ்வொரு தாக்குதலுக்கும், ஸ்கேனில் மட்டுமே தெரியும் புதுப் புண்கள் ஐந்து முதல் பத்து வரை வரலாம். கை கால் மரத்துப்போகவில்லை, கண் மங்கவில்லை என்பதால் நோய் தூங்குகிறது என்று அர்த்தமில்லை.

2021-ல் ஐரோப்பிய, வட அமெரிக்க நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை தெளிவாகவே சொல்கிறது: மருந்து தொடங்கிய 3 முதல் 6 மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து அதை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு பொதுவாக வருஷத்துக்கு ஒன்று. கூடுமானவரை அதே மெஷின், அதே முறை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆயிரம் ரூபாய் குறைவு என்று வேறு சென்டருக்குப் போகிறோம். அங்கே 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிவெட்டிப் படம் எடுத்தால், சின்னப் புண்கள் இடுக்கில் மறைந்துவிடும். அடுத்த வருஷம் மெல்லிசாக எடுக்கும்போது அதே புண்கள் 'புதுசு' என்று வந்து நிற்கும். அதனால், மெல்லிசாகப் படம் எடுக்கும் முறையான "3டி ஃபிளேர் எடுக்கிறீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

காடோலினியம் ஊசி ஒவ்வொரு தடவையும் தேவையில்லை. ஒப்பிட நல்ல பழைய படம் இருந்தாலே பெரும்பாலும் போதும். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் ஊசிக்கு முன்பே கட்டாயம் சொல்லுங்கள். நட்டாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்து போட்டுக்கொள்பவர்களுக்கு, ரத்தத்தில் ஜே.சி. வைரஸ் எதிர்ப்பொருள் இருந்தால், வருஷம் ஒன்று போதாமல் போகலாம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 3, 4 மாதத்துக்கு ஒருமுறைகூட ஸ்கேன் சொல்வார்கள். அந்த வைரஸால் வரும் பி.எம்.எல். என்ற பயங்கரமான மூளைத் தொற்றை முளையிலேயே பிடிக்கத்தான் அது. தள்ளிப்போடவே கூடாது.

இன்னொன்று. சில ரிப்போர்ட்டில் மூளை இத்தனை சதவீதம் சுருங்கியது என்று போட்டிருப்பார்கள். பார்த்ததும் பதறாதீர்கள். உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலோ, ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ அந்த எண் மாறும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதேபோல, 'மாற்றமில்லை' என்று ரிப்போர்ட் வந்தும் நடை தள்ளாடினால் டாக்டரிடம் சொல்லுங்கள். புண் முதுகுத்தண்டில் இருக்கலாம். மூளை ஸ்கேனில் அது தெரியாது.

அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பழைய சி.டி.யையும் கையோடு கொடுத்து, "ஒப்பிட்டு ரிப்போர்ட் எழுதுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரிக்குள் அந்த சி.டி.யைப் பென் டிரைவில் ஒரு காப்பி, ஆன்லைன் சேமிப்பில் ஒரு காப்பி போட்டுவிடுங்கள். ப்ளீஸ்.