ஒரு பெட்டிக்குள் பல கணினிகள்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பிலிமத்தலாவை வரும். அங்குள்ள கடைகளிற் பித்தளை விளக்குகளும் தாம்பாளங்களும் மின்னிக்கொண்டிருக்கும். அவற்றை வார்க்கும் பட்டறையில் உலை ஒன்றே, அச்சுகளோ பல. ஒரே உலையில் உருகும் உலோகம் ஓர் அச்சில் விளக்காகிறது. மற்றோர் அச்சில் மணியாகிறது. ஏறத்தாழ இவ்வாறே, ஒரு கணினியின் ஆற்றலைப் பங்கிட்டுப் பல கணினிகளாக இயங்கச் செய்யும் முறை ஒன்றுண்டு. அதற்கு மெய்நிகராக்கம் என்று பெயர்.

இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. விலைமிக்க பெருங்கணினி ஒன்றைப் பலரும், தத்தமக்கெனத் தனிக்கணினி உடையார் போலப் பயன்படுத்தும் வழியை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே கண்டனர். 1972இல் அது வீ.எம்.370 என்னும் பெயரில் வெளிவந்தது. சாதாரண மேசைக் கணினியின் செயலிக்குள் இதற்குரிய துணையை இன்டெல் 2005இலும், ஏ.எம்.டி. 2006இலும் அமைத்தன. அதன் பயனாக, பெருநிறுவனங்களுக்கு மட்டும் வாய்த்திருந்த இவ்வசதி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டுவதாயிற்று.

வீட்டிற்கு இது எதற்கு என்ற வினா எழலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் மகளும், ஓய்வுபெற்ற தந்தையும் வாழும் ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். மகளுக்கு வெவ்வேறு இயங்குதளங்களிற் பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்று பழுதானால் மற்றவை கெடக்கூடாது. தந்தைக்கோ குடும்பப் பத்திரங்களின் படிகளைக் காக்க வேண்டும். மலையகத் தமிழ்க் குடும்பங்களிற் பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைப் பத்திரமும் வெறுங் காகிதங்கள் அல்ல. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில், ஒரு துண்டுக் காகிதத்துக்காக அலைந்தோரின் துயரை மலைநாடு நன்கறியும். இரண்டு தேவைகளுக்கும் இரண்டு கணினிகள் வாங்கப் பணம் இல்லாதபோது, ஒரே பெட்டி இரண்டையும் நிறைவேற்றக்கூடும்.

பெட்டியைத் தெரிவு செய்வதில் முதலிற் கவனிக்க வேண்டியது செயலி. மெய்நிகராக்கத் துணை அதில் இருத்தல் வேண்டும். பல கணினிகளில் அது இருந்தும், தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனை இயக்கிவிட்டாற் போதும். வேகத்தைக் காட்டிலும் உட்கருக்களின் எண்ணிக்கையே இங்கு முக்கியம். நான்கு அல்லது ஆறு உட்கருக்கள் கொண்ட, அலுவலகங்களிற் பாவித்த மேசைக் கணினியே ஒரு வீட்டுக்குப் போதுமானது.

அடுத்தது நினைவகம். செயலியின் நேரத்தைப் பலர் மாறிமாறிப் பகிரலாம்; நினைவகத்தையோ பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனியே ஒதுக்க வேண்டும். ஆகவே முதலிற் பற்றாக்குறை ஏற்படுவது இங்கேதான். தாய்க்கணினிக்கு 2 ஜிகாபைட், கோப்புக் காப்பகத்துக்கு 4, மகளின் இரு பரிசோதனைக் கணினிகளுக்கு நந்நான்கு எனக் கூட்டினால் 14 ஆகும். 16 ஜிகாபைட் இருந்தாற் தொடங்கலாம். 32 வரை ஏற்றும் வசதியுள்ள பலகையாயின் பிற்காலத்துக்கும் உதவும்.

மூன்றாவது சேமிப்பு. இயங்குதளங்களுக்கு வேகமான திண்மநிலை வட்டும், பத்திரங்களுக்கு ஒன்றையொன்று பிரதிசெய்யும் இரு வன்தட்டுகளும் ஏற்றவை. எனினும், இரட்டை வன்தட்டுக் காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு, மற்றதிலும் அக்கணமே அழிந்துவிடும். மூன்றாவது படியொன்று வேறோர் இடத்தில், உறவினர் வீட்டிலேனும் இருத்தல் வேண்டும்.

இனி மின்சாரம். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பெருஞ் சேவையகத்தை வாங்குவோர் பலர். 150 வாற்று இழுக்கும் இயந்திரம் இடையறாது இயங்கினால் மாதத்துக்கு 108 அலகுகள் செலவாகும். 30 வாற்று இழுக்கும் சிறுகணினிக்கோ 22 அலகுகளுக்கும் குறைவு. பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் நாட்டில், வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் மின்பட்டியலிற் கரைந்துபோகும். மேலும், 2022இல் நாள்தோறும் நீண்ட மின்வெட்டைக் கண்டது இந்நாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. ஆகவே யூ.பி.எஸ். ஆடம்பரமன்று. மின்சாரம் நின்றதும் அது கணினிக்கு அறிவித்து, ஒழுங்காக நிறுத்தச் செய்யுமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். இடிமின்னல் கடுமையாகும் மாலைகளில் இயந்திரத்தை நிறுத்தி, இணைப்புகளைக் கழற்றிவிடுதலே சாலச் சிறந்தது.

மென்பொருளுக்கு வருவோர் ஒரு படிப்பினையை நினைவிற் கொள்ளல் வேண்டும். வீ.எம்.வெயர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்னும் மென்பொருளை இலவசமாகப் பெற்றுப் பல வீடுகளில் நிறுவியிருந்தனர். 2023இல் அந்நிறுவனம் புரோட்கொம் வசமாயிற்று. 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அது மீண்டும் வழங்கப்பட்டதாயினும், பிறர் கருணையை நம்பிக் கட்டிய வீடு எத்தகையது என்பது அவ்விடைக்காலத்தில் விளங்கிற்று. லினக்ஸ் கருவில் 2007இல் சேர்ந்த கே.வீ.எம். அவ்வாறன்று, அதன் மூலநிரல் எவர்க்கும் உரியது. அதனை அடித்தளமாகக் கொண்டு, வியன்னாவிலிருந்து 2008இல் வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ், உலாவியின் வழியாகவே அனைத்தையும் நிர்வகிக்க இடமளிக்கிறது. கட்டணம் செலுத்துவோர்க்குத் தனி உதவி உண்டு. செலுத்தாதோரும் அதனைப் பயன்படுத்தலாம். முற்றிலும் புதியவர், தம்மிடமுள்ள கணினியிலேயே வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளை நிறுவிப் பழகிய பின்னர், தனிப் பெட்டி வாங்குதல் நன்று.

இவையனைத்தும் அமைந்த பின்னர் ஒரு பரீட்சை எஞ்சியுள்ளது. காப்புப் பிரதியிலிருந்து ஒரு பத்திரத்தை மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி, திறந்து பாராத பெட்டகத்தை ஒக்கும். உள்ளே இருப்பது தேவைப்படும் நாளிலேதான் தெரியவரும். மூலப்பத்திரமோ என்றும்போல் அலுமாரியிலேயே இருக்கட்டும். இயந்திரம் அதற்குத் துணையேயன்றி மாற்றன்று. உலை எவ்வளவு பெரிது என்பதன்று, அதிலிருந்து வீட்டுக்கு ஏற்றும் விளக்கு கிடைக்கிறதா என்பதே கேள்வி.