குழந்தைக்குத் தனிப்படுக்கை: எப்போது, எப்படி?

தம்பதிகளே,

"பெத்த புள்ளைய பக்கத்துல போட்டுக்காம வேற எங்கே போடறது?" என்று காஞ்சிபுரத்துத் தாய்மார் கேட்பது நியாயமான கேள்விதான். நம் பக்கத்தில் குழந்தை தாயின் அணைப்பிலேயே வளர்கிறது. அந்த அணைப்பை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. படுக்கை வேறாக இருக்கட்டும். அறை ஒன்றாகவே இருக்கட்டும். இதுவே இப்பிரசுரம் சொல்ல வரும் செய்தி.

தனிப்படுக்கை ஏன் அவசியம்?

பகலெல்லாம் தறி வேலை, தார் சுற்றுவது, நடுவே அடுப்பு வேலை. இரவில் படுத்ததும் தாய்க்கு அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வருகிறது. சில மாதக் குழந்தைக்கோ, முகத்தின் மேல் விழுந்த போர்வையைத் தள்ளிவிடத் தெரியாது. பெரியவர் கையோ, புடவைத் தலைப்போ, தலையணையோ மூக்கை அடைத்துக் கொண்டால், அழக்கூட முடியாமல் மூச்சு நின்றுவிடலாம். முதல் நான்கு மாதங்களில் இந்த ஆபத்து அதிகம். குறைமாதக் குழந்தை, பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருந்த குழந்தை ஆகியோருக்கு இன்னும் அதிகம். குடித்தவர், பீடி சிகரெட் பிடிப்பவர், தூக்க மாத்திரை சாப்பிட்டவர் ஆகியோர் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது.

எப்படிப் படுக்க வைப்பது?

மல்லாக்கப் படுக்க வையுங்கள். "மல்லாக்கப் போட்டா கக்கின பால் தொண்டையில அடைக்காதா?" என்று பாட்டிமார் பயப்படுவார்கள். மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைந்திருப்பதால், மல்லாந்து படுத்த குழந்தை கக்கிய பாலைத் தானே விழுங்கிக் கொள்ளும். இங்கிலாந்தில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் இதே அறிவுரையை ஊரெங்கும் பரப்பினார்கள். அதன்பின் அந்நாடுகளில் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே குறைந்தது.

படுக்கை சமமாகவும், அழுத்தினால் அமுங்காததாகவும் இருக்க வேண்டும். பாய் மேல் இரண்டாக மடித்த பருத்தித் துணியை இழுத்து விரித்தால் போதும். தலை உருண்டையாக வருமென்று வைக்கும் கடுகுத் தலையணை வேண்டாம். பொம்மை, கனத்த போர்வை வேண்டாம். கழுத்துக் கயிற்றையும் செயினையும் தூங்கும்போது கழற்றி விடுங்கள். கொசுவலை முகத்தில் படாமல் இருக்கட்டும். 2015ல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் பரிசுப் பெட்டகத்தில் சிறு படுக்கையும் கொசுவலையும் இடம் பெற்றதற்குக் காரணம் உண்டு.

நியூசிலாந்தின் மாவோரி மக்களும் நம்மைப்போல் குழந்தையோடு சேர்ந்து படுப்பவர்கள். 2005-2006ல் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். நீண்ட செடி இலைகளைக் கீறி, பிள்ளைக்கென்று ஒரு கூடைப்படுக்கை முடைந்தார்கள். அது தாயின் பக்கத்திலேயே இருக்கும்; ஆனால் குழந்தைக்குத் தனி இடம்.

தூளி நல்லதா?

அழும் குழந்தையை அமர்த்தத் தூளி உதவுகிறது. ஆனால் தூளித் துணி வளைந்து, பச்சிளங் குழந்தையின் தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு திணறும். விழித்திருக்கும் பெரியவர் பார்வையில் மட்டுமே தூளி ஆட்டலாம். தூங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்துங்கள். புரளத் தொடங்கிய பிறகு தூளியை அவிழ்த்து வைத்துவிடுங்கள். தொங்கும் சேலையில் மூத்த பிள்ளைகள் விளையாடினால் கழுத்தில் சுற்றிக் கொள்ளும் அபாயமும் உண்டு.

தறிக்குழி ஜாக்கிரதை

நெசவாளர் வீட்டில் தறியும் படுக்கையும் ஒரே கூடத்தில் இருக்கும். குழந்தை புரண்டு, தவழும் வயதில் தறிக்குழி பெரிய ஆபத்து. வேலை முடிந்ததும் பலகை போட்டுக் குழியை மூடுங்கள். குழந்தையின் படுக்கையைத் தறிக்கு எதிர்ப்பக்கம், சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். சுவருக்கும் பாய்க்கும் நடுவில் குழந்தை சிக்கக் கூடாது.

படிப்படியாகப் பழக்குவது எப்படி?

பிறந்த நாள் முதலே தாயின் பாய்க்கு ஒரு கை தூரத்தில் தனிப்படுக்கை போடுவது உத்தமம். முதல் 6 மாதமாவது குழந்தை தாய் தகப்பன் அறையிலேயே தூங்க வேண்டும். இரவில் பால் கொடுக்க எழுந்தால், கொடுத்த பின் குழந்தையை அதன் இடத்தில் கிடத்துங்கள். உட்கார்ந்தபடி பால் கொடுத்துக்கொண்டே கண்ணயர்வது படுத்துத் தூங்குவதைவிட ஆபத்தானது.

இதுவரை கூடவே படுத்துப் பழகிய பெரிய குழந்தையை ஒரே நாளில் பிரிக்க வேண்டாம். முந்தானைக்கு நிறம் மாற்றும்போது நெசவாளர் உடல் பாவை ஒரேயடியாக அறுப்பதில்லை. புதுப் பாவை அதோடு பிணைத்து, இரண்டும் சேர்ந்து கொஞ்சம் நெய்யப்பட்ட பிறகே பழையதை நீக்குகிறார். இங்கும் அப்படித்தான்:

1. முதலில் பகல் தூக்கம் மட்டும் தனிப் பாயில்.
2. ஒரு வாரம் கழித்து, இரவின் முதல் தூக்கமும் அங்கேயே. நடுவில் அழுதால் தட்டிக் கொடுங்கள். தேவையானால் பால் கொடுத்துத் திரும்பக் கிடத்துங்கள்.
3. தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை: உடம்பு துடைப்பது, பால், தாலாட்டு, பாய்.
4. பழகிய பின் பாயை ஒரு முழம், இரண்டு முழம் என்று நகர்த்துங்கள்.

காய்ச்சல் வந்தாலும், தடுப்பூசி போட்ட இரவிலும் குழந்தை பழையபடி தாயைத் தேடும். அதற்குத் திட்டக் கூடாது. பக்கத்தில் விழித்திருந்து கவனித்து, சரியானதும் மறுபடி தொடங்குங்கள். அடுத்த பிள்ளை பிறக்கப் போகிறதென்றால், மூத்ததைச் சில மாதம் முன்னதாகவே பழக்குங்கள். தம்பி பாப்பா வந்த அன்று "நீ போய்ப் பாட்டிகிட்ட படு" என்றால், தன்னைத் துரத்தியதாக அது நினைக்கும்.

கணவருக்கு ஒரு வார்த்தை

"ஏங்க, ரெண்டு தடவை நீங்களும் எழுந்து பாருங்களேன்" என்று மனைவி சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றவை உங்களாலும் ஆகும். தட்டித் தூங்க வைப்பது, துணி மாற்றுவது, தறிக்குழியை மூடுவது உங்கள் பங்கு.

இடைவெளியை மறக்காதீர்கள்

தாய்ப்பால் கொடுக்கும் வரை கரு தரிக்காது என்று பலர் நம்புகிறார்கள். மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு: குழந்தைக்கு 6 மாதம் ஆகாதிருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். தனிப்படுக்கையில் குழந்தை நீண்ட நேரம் தூங்கி, இரவுப் பால் குறையும்போது இந்தப் பாதுகாப்பும் குறையும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கரு உண்டாகிவிடலாம். எனவே பாய் நகரும்போதே இடைவெளி முறையையும் பேசி முடிவு செய்யுங்கள். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எனப் பல வழிகள் உள்ளன. ஒரு பிரசவத்துக்குப் பின் 2 ஆண்டாவது கழித்தே அடுத்த கர்ப்பம் தரிப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். குழந்தைக்கு மூச்சு திணறினாலும், உடம்பு நீலம் பூத்தாலும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

அறை ஒன்று, படுக்கை இரண்டு; அணைப்பு குறையாது, ஆபத்து குறையும்!