2 பேர், 24 அடி படகு, ஓர் இரவு... சின்னப் பாய்மரப் படகில் தம்பதிகள் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

திருப்பூரில் தைத்த பனியனும் டி-ஷர்ட்டும் கன்டெய்னரில் ஏறி, தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கடல் தாண்டாத வாரமே இருக்காது. ஆனால், அதைத் தைத்தவர்களையும் அனுப்பியவர்களையும் நிறுத்தி, ‘நீங்கள் ஓர் இரவாவது படகில் தங்கியிருக்கிறீர்களா?’ என்று கேட்டால், தங்கியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஆலப்புழை போட் ஹவுஸ்தான். சென்னையிலிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூர் வழியாகவே போகிறது. கல்யாணமான புதிதில் ஒரு ட்ரிப். ஏ.சி ரூம், கரிமீன் பொரியல், காலையில் புட்டு. மாலையானால் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். அசைவே தெரியாது. அது படகில் மிதக்கும் லாட்ஜ் என்றால் தப்பில்லை.

பாய்மரப் படகு வேறு ரகம். வேலையை விட்டுவிட்டுப் படகிலேயே வாழும் ஜோடிகளின் வீடியோக்களை இப்போது போனில் யாரும் தேட வேண்டியதில்லை, அதுவாகவே வந்து நிற்கிறது. நம் நாட்டிலும் ஒரு ஜோடி இருக்கிறது. இந்தியக் கடற்படையிலிருந்து வெளியே வந்த கேப்டன் கௌரவ் கௌதமும் அவர் மனைவி வைதேகியும் 2022-ல் மகளோடு ‘ரீவா’ என்ற 42 அடி பாய்மரப் படகுக்குக் குடிபெயர்ந்தார்கள். வீடியோக்களில் நீலக் கடல் தெரியும், சூரிய அஸ்தமனம் தெரியும். முந்தைய ராத்திரி இரண்டு பேரும் எப்படித் தூங்கினார்கள் என்பது மட்டும் தெரியாது.

உண்மையில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

லைன் வீடும் படகு வீடும்

சின்னப் படகில் தம்பதியாக வாழ்வது பற்றிப் பேசினால், லின் - லாரி பார்டே ஜோடியைத் தாண்டிப் போக முடியாது. லின் அமெரிக்கர், லாரி கனடாக்காரர். தாங்களே கட்டிய ‘செராஃபின்’ என்ற படகை 1968-ல் கலிஃபோர்னியாவில் தண்ணீரில் இறக்கினார்கள். நீளம் 24 அடி 4 அங்குலம், அகலம் 9 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இன்ஜின் கிடையாது. விளக்குக்கு எண்ணெய். அதில் 11 வருடம் ஊர் ஊராக நின்று உலகத்தைச் சுற்றினார்கள். அடுத்துக் கட்டிய ‘டாலைஸின்’ படகு முப்பதடிக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் உட்கார்ந்து குளிக்க ஒரு குட்டித் தொட்டி வைத்தார்கள் என்பதுதான் அவர்களைப் பின்பற்றியவர்களுக்கு அதிகப் பொறாமையைக் கொடுத்தது! லாரி 2020-ல் காலமானார்.

24-க்கு 9 என்றால் கணக்குக்கு 216 சதுர அடி வரும். ஆனால், முன்பக்கம் கூம்பு, மேலே தளம், பின்னால் உட்காரும் இடம் எல்லாம் போக, உள்ளே மிஞ்சுவது திருப்பூர் லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையை விடச் சின்னது. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, துணி, தண்ணீர், கழிப்பறை. மதுரையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனி வேலைக்கு வந்து அப்படியொரு அறையில் குடித்தனம் நடத்தும் ஜோடிகளுக்கு, எந்தப் பொருளை எங்கே தொங்கவிட வேண்டும், ஒருவர் சமைக்கும்போது மற்றவர் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதைத்தான் படகுக்காரர்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் எதிரி அலை இல்லை, ஈரம்!

படகில் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால், அலை என்போம். அலை சில ராத்திரிதான். ஈரம் தினமும்.

தூங்கும்போது வியர்க்காவிட்டாலும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நம் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு பேர் தூங்கி எழுந்தால் சுமார் அரை லிட்டர். வீட்டில் அது ஜன்னல் வழியே போய்விடும். படகின் சின்னக் கேபினில் போக இடமில்லாமல், குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய் அங்கே நீராகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பு பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் இருக்கும் பலகை. மேலே தொட்டால் மெத்தை காய்ந்திருக்கும். புரட்டினால் அடியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. நாலாவது நாள் கேபினில் நாற்றம், ஐந்தாவது நாள் ‘ஊருக்குப் போகலாம்’ என்ற பேச்சு.

இதற்குத் தீர்வு மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே காற்று. மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்கலாம். இல்லையென்றால், ஸ்பேசர் ஃபேப்ரிக் விரிக்கலாம். ஸ்போர்ட்ஸ் ஷூவிலும் கார் சீட்டிலும் பார்த்திருப்பீர்கள்... இரண்டு துணிப்பரப்புக்கு நடுவே சின்னச் சின்ன இழைகள் ஸ்பிரிங் மாதிரி நின்று இடைவெளி விடுமே, அதுதான். பின்னல் துணிதான், நெய்த துணி இல்லை. படகுக்கும் கேரவனுக்கும் மெத்தை அடியில் விரிக்க இந்த ரகத்தைத்தான் வெளிநாடுகளில் விற்கிறார்கள். நிட்டிங் ஊருக்கு இது புதிதில்லை.

அடுத்தது உப்பு. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். எனவே, கடல்நீர் பட்ட துணியை நாள் முழுக்க வெயிலில் போட்டாலும், ராத்திரி அது மறுபடி ஈரமாகிவிடும். அந்தச் சட்டையோடு ஒருவர் படுக்கையில் உட்கார்ந்தால் போதும், உப்பு விரிப்புக்கு ஏறிவிடும். சாயப்பட்டறை உப்பு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்த ஊருக்கு, உப்பு லேசில் போகாது என்று விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் என்ன துணி? நூல் எடைக் கணக்கு பார்ப்பவர்களுக்கு ‘மாய்ஸ்சர் ரீகெய்ன்’ அத்துப்படி. பருத்திக்கு 8.5, பாலியெஸ்டருக்கு 0.4. அதாவது பருத்தி ஈரத்தைக் குடிக்கும், பாலியெஸ்டர் கிட்டத்தட்ட குடிக்காது. நனைந்த பருத்தி பனியன் காற்றில் உடம்பைச் சில்லிட வைக்கும், காயவும் மறுக்கும். கம்பளிக்கு 16 வரை போகும். ஆனால், அது ஈரமாக இருக்கும்போதும் கதகதப்பைக் கொஞ்சம் தக்கவைக்கும். குளிர்க்கடல் போகிறவர்கள் மெரினோ கம்பளிக்குக் காசு செலவழிப்பது அதனால்தான்.

ஆனால், நம் ஊர்க் கடலின் புழுக்கத்தில் பாலியெஸ்டர் போட்டுக்கொண்டு தூங்கிப் பாருங்கள்... பருத்திக்கே ஓட்டு போடுவீர்கள். எனவே, மேல்தளத்தில் பாலியெஸ்டர், படுக்கையில் பருத்தி. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. விரிப்பும் இரவு உடையும் காற்றுப் புகாத பையில் இருக்கட்டும். கீழே இறங்கும் முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு பக்கெட் தண்ணீர் தேவையில்லை. அயர்னிங் டேபிளில் துணிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டில் இருக்கிறதல்லவா, அதைப் போல ஒன்றில் ஒரு லிட்டர் இருந்தால் இரண்டு பேருக்குப் போதும்.

புழுக்கத்துக்கும் துணியே மருந்து. கேபினின் மேல்கதவைத் திறந்து, அதன் மேல் புனல் மாதிரி தைத்த துணியைக் கட்டினால், மேலே போகிற காற்று உள்ளே இறங்கும். நங்கூரமிட்ட படகின் மூக்கு பெரும்பாலும் காற்றைப் பார்த்தே நிற்பதால் இது நன்றாக வேலை செய்யும். கொசுவலையும் வேண்டும். கழிமுகத்துக் கொசுவுக்குப் படகு வேறு, வீடு வேறு என்ற பேதமில்லை.

படுக்கை எங்கே?

பெரும்பாலான சின்னப் படகுகளில் ஜோடிப் படுக்கை முன்பக்கக் கூம்பில் இருக்கும். தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல். நடுராத்திரி நாலு பாதம் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். ஆளுக்கொரு போர்வை என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். ராத்திரி எழுந்து போகிறவர் யாரோ, அவர் வெளிப்பக்கம் படுக்க வேண்டும்.

நங்கூரத்தில் நிற்கும்போது இந்த இடம் சுகம். படகு ஓடும்போது அதே இடம் நரகம். சீசாவின் நுனியில் உட்கார்ந்தவன் கதைதான். ஓடும் படகில் நடுப்பகுதியில், தாழ்ந்த இடத்தில்தான் ஆட்டம் குறைவு. அங்கே இருக்கும் ஒற்றைப் படுக்கையின் விளிம்பில் ஒரு துணித் தடுப்பை உயர்த்திக் கட்டுவார்கள். படகு சாய்ந்தாலும் ஆள் உருண்டு விழ மாட்டார். தொட்டில் மாதிரி இருக்கும்.

நங்கூரத்திலும் ஒரு தொல்லை உண்டு. படகு காற்றைப் பார்த்து நிற்க, அலை பக்கவாட்டில் வந்து இடித்தால், ராத்திரி முழுக்க இடமும் வலமுமாக உருட்டும். அதற்குப் பின்பக்கமும் ஒரு நங்கூரம் போட்டு, மூக்கை அலைப்பக்கம் திருப்பி நிறுத்துவார்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு நீளம் இருக்க வேண்டும். கயிறு குறைந்தால் நங்கூரம் பிடி விடும் என்ற பயத்திலேயே தூக்கம் போய்விடும். பாய்மரத்தில் ‘டக்... டக்...’ என்று கயிறு அடிக்கும் சத்தத்துக்கு, படுக்கும் முன் அதை இழுத்துத் தள்ளிக் கட்டினால் தீர்ந்தது.

டே ஷிப்ட், நைட் ஷிப்ட்

ராத்திரியும் படகு ஓடுகிறது என்றால், ‘ஜோடியாகத் தூங்குவது’ என்ற பேச்சே கிடையாது. கடலில் கப்பல் வரும், மீன்வலை வரும். ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். மூன்று மணி நேரமோ நாலு மணி நேரமோ மாற்றி மாற்றி. ஒருவர் எழுந்த சூட்டோடு அதே படுக்கையில் இன்னொருவர் படுப்பார். கணவன் நைட் ஷிப்ட், மனைவி டே ஷிப்ட் என்று வாசலில் மட்டும் சந்தித்துக்கொள்ளும் மில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கை தெரியும்.

இதன் உச்சத்தைப் பார்த்தவர் நம் பக்கத்துப் பெண். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் கடற்படையின் 56 அடி பாய்மரப் படகான ‘தாரிணி’யில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கே இடங்களில் நின்று, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். சுமார் 25,000 கடல் மைல். படகில் வேறு ஆளே கிடையாது. அதற்கு முன்பு அவர்கள் எடுத்த பயிற்சி மட்டும் மூன்று வருடம். அவர்கள் தம்பதி இல்லை, சக அதிகாரிகள். ஆனால், இரண்டே பேர் ஒரு படகில் மாதக்கணக்கில் எப்படித் தூக்கத்தைப் பங்கு போட முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அவர்கள்தான்.

இருவருக்கும் தெரிய வேண்டியது

கணவருக்குப் படகு தெரியும், மனைவிக்குச் சமையல் தெரியும் என்று கிளம்புகிற ஜோடிக்கு ஒரு கேள்வி: படகு தெரிந்தவரே தண்ணீரில் விழுந்துவிட்டால்? மேலே இருப்பவர் படகைத் திருப்பத் தெரியாமல் நின்றால், விழுந்தவர் பிழைப்பது கஷ்டம். மற்றவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால், விழித்திருப்பவருக்கு இன்ஜின் போட, பாயை இறக்க, படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். வி.ஹெச்.எஃப் ரேடியோவில் அவசரத்துக்கு 16-வது சேனல். கரையோரம் போன் சிக்னல் இருந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. ராத்திரி தனியாக மேலே இருப்பவர் லைஃப் ஜாக்கெட் போட்டு, படகோடு தன்னைக் கயிற்றால் இணைத்திருக்க வேண்டும். சிறுநீர் கழிக்க விளிம்புக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் சேர்த்துத்தான்.

சமையல் கேஸ் இன்னொரு ஆபத்து. எல்.பி.ஜி காற்றை விடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறக்கலாம். படகில் கசிந்தால் அடிப்பகுதிக் குழியில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, மூடியாயிற்று என்று அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம். சமையலுக்கு பிரஷர் குக்கர் போதும். மூடி பூட்டிக்கொள்வதால், படகு ஆடினாலும் சாம்பார் சாதம் தரையில் கொட்டாது.

சண்டை பெரும்பாலும் நங்கூரம் போடும்போதுதான் வரும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவே இன்ஜின் சத்தம். கத்திப் பேசினால் திட்டுவது போலவே கேட்கும். வெளிநாட்டுப் படகுக்காரர்கள் வயர்லெஸ் ஹெட்செட் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குக் ‘கல்யாணத்தைக் காப்பாற்றும் கருவி’ என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருக்கிறார்கள். நிட்டிங் மெஷின் ஓடும் ஷெட்டில் கையசைத்தே பேசிப் பழகியவர்களுக்கு அந்தச் செலவும் மிச்சம்.

பயம் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் வராது. அதனால், ‘போதும், திரும்பலாம்’ என்று இருவரில் யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒப்பந்தம் இல்லாத படகில், பயப்படுகிறவர் பயத்தை மறைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மரம் முறியும் சத்தத்துக்காகக் காத்திருப்பார்.

எங்கே தொடங்கலாம்?

சென்னையில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. படகு ஓட்டக் கற்பது அங்கே. திருப்பூருக்குப் பக்கமென்றால் கொச்சிதான். அங்கே போல்காட்டித் தீவில் இருக்கும் மெரினாவில், உலகம் சுற்றும் படகுகள் வந்து கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் பக்கம் வேண்டாம். டிசம்பருக்குப் பிறகு மார்ச் வரை கடல் சாதுவாக இருக்கும்.

முதல் ராத்திரி கரையில் கட்டிய படகிலேயே தூங்கிப் பாருங்கள். இரண்டாவது முறை, அலையில்லாத உள்நீரில் நங்கூரம் போட்டு. மறுநாள் காலை காபி போடும் முன், மெத்தையைத் தூக்கி அடியில் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.