வாசற்படிக்கு மேலே ரோடு

தென்சென்னையில் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் பக்கம் 1980-களில் மனை வாங்கியவர்கள் பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்தி வீடு கட்டினார்கள். தெருவிலிருந்து வாசலுக்கு நான்கைந்து படி ஏற வேண்டும். இன்று அதே மாதிரி வீடுகள் பலவற்றுக்குள் போக, தெருவிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ரோடு வளர்ந்துவிட்டது.

அந்த நாளில் மழைத் தண்ணீருக்கென்று யாரும் தனித் திட்டம் போடவில்லை. மொட்டை மாடித் தளத்துக்குக் கொத்தனார் ஒரு பக்கமாக வாட்டம் கொடுத்து, கைப்பிடிச் சுவரில் இரண்டு தூம்பு வைப்பார். தண்ணீர் தூம்பிலிருந்து நேரே மண்ணில் கொட்டும். வீட்டைச் சுற்றிக் கிணறு, துவைக்கிற கல், வாழை, தென்னை, மற்றதெல்லாம் மண். மண் குடித்தது போக மிச்சம் வேலி இடுக்கு வழியாகத் தெருவுக்கு ஓடும். தெருவோ மண் ரோடு, மனையைவிடத் தாழ்வு. ஓரத்தில் மண்வெட்டியால் வெட்டிவிட்ட வாய்க்கால். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். கார்த்திகையில் கணுக்கால் புதையும் சேறு, கூடவே பாம்பும் தேளும். ஆனால் தண்ணீர் வாசலோடு நின்றது, ஓரிரு நாளில் வடிந்தும் போனது.

போய்ச் சேர அதற்கு ஓர் இடம் இருந்தது என்பதே காரணம். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு, பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியான சதுப்பு நிலம் இன்று பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. 2022-ல் அதற்கு ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில அந்தஸ்து கிடைத்தது. குப்பைமேடும் கட்டடங்களும் அதற்கு முன்பே கிடைத்துவிட்டன. ஏரியை வீடாக்குவதும் நேற்று வந்த வழக்கமல்ல. மாம்பலத்து நெடும் ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரையே உண்டாக்கினார்கள்.

இப்போது மனைக்குள் வருவோம். கார் நிற்க வேண்டும், தூசி வரக்கூடாது, செருப்பில் மண் ஒட்டக்கூடாது. ஆகவே மதிலிலிருந்து மதில் வரை சிமென்ட் அல்லது பேவர் பிளாக். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மேல் 10 செ.மீ மழை பெய்தால் ஏறக்குறைய 22,000 லிட்டர், அதாவது இரண்டு பெரிய லாரித் தண்ணீர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ கொட்டியது. அப்போது ஒவ்வொரு கிரவுண்டிலும் விழுந்தது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். முன்பு மண் குடித்த பங்கையும் சேர்த்து இப்போது எல்லாமே தெருவைத் தேடுகிறது. தெருவோ பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொரு தார் என்று தடவைக்கு ஓரிரு அங்குலமாக ஏறி நிற்கிறது.

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் நாம் முதலில் தேடுவது மோட்டாரை. இறைத்து ரோட்டில் விடுவோம். ரோடு மேடாக இருந்தால், விட்ட தண்ணீர் அரை மணியில் கேட் வழியாகத் திரும்பி வரும். மோட்டாருக்கு முன் வேண்டியது ஒரு டியூப் மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் அந்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ரோட்டின் நடுவிலும் மறு முனையை வாசற்படியிலும் பிடித்துப் பார்த்தால் யார் மேலே, யார் கீழே என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படியே பின்கட்டு, சம்ப்பு மூடி, தெருவோர மழைநீர் வடிகாலின் வாய் எல்லாவற்றையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். வடிகாலின் வாய் உங்கள் தரைக்கு மேலே இருந்தால், அந்த வடிகால் கட்டப்பட்டது உங்களுக்காக அல்ல.

அடுத்தது, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பது. கேட் வழியாக வந்தால் கண்ணுக்குத் தெரியும். முன்பு தண்ணீரை வெளியேற்ற மதிலில் விட்ட ஓட்டையே இப்போது அதை உள்ளே அழைக்கும் வாசலாகியிருக்கும். அதை அடைத்துவிடுவது நல்லது. கேட் வழியாகச் சொட்டும் வராமல், குளியலறைத் தரைத்துளையிலோ கீழ்த்தளக் கழிப்பறையிலோ கொப்பளித்து மேலே வந்தால், அது பாதாளச் சாக்கடை பின்னோக்கித் தள்ளுவது. அந்தக் குழாயில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு பொருத்தினால் பெரும்பாலும் தீரும்.

பாதாளச் சாக்கடை ஏன் பின்னோக்கித் தள்ளுகிறது? இங்கே பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூம்புகளை மூடி, மாடித் தண்ணீரைப் பைப்பில் இறக்கி, கிட்டத்தில் இருக்கிறதே என்று கழிவுநீர்த் தொட்டியிலேயே இணைத்த வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும். சமையலறைக் கழிவுக்கும் கழிப்பறைக்கும் கணக்குப் போட்டுப் பதித்த குழாய் அந்த மழையைத் தாங்காது. உங்கள் வீட்டுப் பைப் எங்கே போகிறது என்று சந்தேகமா? மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றிவிட்டு, கீழே ஒவ்வொரு மூடியாகத் திறந்து பாருங்கள். நீலம் கழிவுநீர்த் தொட்டியில் தெரிந்தால் தெருவின் வெள்ளத்தில் உங்கள் பங்கும் உண்டு.

2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டிய குழி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதற்குப் பிறகு அதைத் திறந்தீர்களா? மேல்மணலில் வண்டல் படிந்துவிட்டால் அது வெறும் மூடிய பள்ளம். மணலை அள்ளி, ஜல்லியைக் கழுவிப் போட்டால் மறுபடியும் குடிக்கும். ஆனால் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் அதை மட்டும் நம்ப முடியாது. கார்த்திகைக்குள் நிலத்தடி நீர் மேலேறிவிடும், குழி நிரம்பியே கிடக்கும். அது ஐப்பசியின் முதல் மழைகளுக்கு உதவும், டிசம்பர் புயலுக்கு உதவாது.

இதற்கெல்லாம் சலித்துப்போய்ச் சிலர் ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்குகிறார்கள். பார்க்க அதிசயம்தான். பணம் இருப்பவர் தூக்கினால் அவர் வீட்டில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவரும் தூக்கினால் அடுத்த வீட்டுக்கு. இந்தப் போட்டியில் கடைசியில் தோற்பது தெருவின் வாடகைக் குடித்தனங்கள். அதைவிடக் குறைந்த செலவில் செய்யக்கூடியவை உண்டு: சம்ப்பு வாயை ஓரடி உயர்த்துவது, மீட்டர் பெட்டியைத் தோள் உயரத்துக்கு மாற்றுவது, காரின் இரு சக்கரத் தடம் போக மற்ற இடத்து பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு மண்ணைத் திறந்துவிடுவது.

ஒரு வீட்டால் முடியாதது ரோடுதான். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். ஆகவே உங்கள் தெருவில் ஜல்லி வந்து இறங்கும் அன்று வேலைக்குப் போகாமல் நாலு பேராக நின்று, முதலில் மில்லிங் செய்யச் சொல்லுங்கள். டியூப் மட்டத்தில் எடுத்த அளவு கையில் இருக்கட்டும். கேட்காவிட்டால் சென்னை மாநகராட்சிப் புகார் எண் 1913.