மாற்றுத்திறனாளி வாழ்க்கைத்துணைக்கான ஜீவனாம்சம்

மணமுறிவுக்குப் பின், சொந்த வருமானத்தில் வாழ இயலாத துணைக்கு மற்றவர் வழங்கும் பொருளுதவி ஜீவனாம்சம் எனப்படும். அதைக் கேட்பவர் மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், இந்தியாவில் அந்த உரிமை அவர் எந்தச் சட்டத்தின்கீழ் மணம் புரிந்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், பிரிவு 24 வழக்குக் காலத்துக்கான இடைக்கால உதவியையும், பிரிவு 25 நிரந்தர ஜீவனாம்சத்தையும் பற்றிக் கூறுகின்றன. இவற்றைக் கணவன், மனைவி இருவருமே கோரலாம். எடுத்துக்காட்டாக, விபத்தில் நடக்கும் ஆற்றலை இழந்து வேலையையும் இழந்த கணவர், சம்பாதிக்கும் மனைவியிடம் உதவி கேட்கலாம். அதே கணவர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்திருந்தால், அச்சட்டத்தின்கீழ் கேட்க முடியாது. அதன் 36, 37ஆம் பிரிவுகள் மனைவிக்கு மட்டுமே உரியவை.

எவ்வளவு தொகை என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். கடுமையான உடற்குறையால் இடைவிடாத கவனிப்பும் தொடர் செலவும் தேவைப்படுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு தரப்பினரும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு அளித்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. எனவே மருத்துவச் சான்றுகளையும் செலவு ரசீதுகளையும் பாதுகாத்து வைத்திருப்பது அவசியம்.

இந்து திருமணச் சட்டப்படி உத்தரவு பெற்ற பின் உடல்நிலை மோசமடைந்தால், பிரிவு 25இன் உட்பிரிவு 2இன்படி தொகையை உயர்த்தக் கோரலாம்.