ஏரிக்கரையில் அமர்ந்தபடியே

பக்கவாதத்திற்குப் பின்னர் வீடு திரும்பும் பலர், வெளியில் சென்றால் பிறருக்குச் சுமையாவோம் என்றெண்ணி ஒதுங்கிவிடுவதை எங்கள் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். காடும் ஏரியும் நடக்க இயன்றவர்களுக்கே உரியவை என்பது அவர்கள் எண்ணம். வேடந்தாங்கலையேனும் அவ்வாறு ஒதுக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இச்சரணாலயத்தில் பறவைகளைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஏரிநீரில் நிற்கும் மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. காண்போர் கரைமேல் இருக்கின்றனர். ஒரே மரத்தை அரை மணி நேரம் நோக்கியிருந்தால், நத்தைக்குத்தி நாரை இரையுடன் திரும்புவதையும், கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப்பைக்குள் தலையை நுழைத்து உண்பதையும் காணலாம். விரைந்து நடப்போருக்கு இவை கிட்டுவதில்லை. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதால் ஊரார் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர்.

புறப்படுமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதும், சிறுநீர் மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவதும் தீங்கானவை. குறிப்பாக இதயநோயாளிகள் பயண நாளுக்கான மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். சக்கர நாற்காலியில் நெடுநேரம் அமர்வோர் அரை மணிக்கு ஒருமுறையேனும் உடலைச் சாய்த்து இருக்கையிலுள்ள அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உணர்ச்சி குன்றிய இடத்தில் புண் உண்டாவது தெரியாது. காரிலும் இவ்வாறே செய்க.

உடன் செல்வோருக்கு ஒரு சொல். கரைச் சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, தாம் கீழ்ப்புறம் நின்று மெல்ல இறக்குவதே பாதுகாப்பு. அமர்ந்திருப்பவர் எழுமுன் இரு சக்கரங்களின் தடையையும் போட்டுவிடுக. ஒரு கை வலுவிழந்தவருக்குத் தொலைநோக்கியைத் தூக்கிப் பிடிப்பது கடினம்; மடியில் தலையணை வைத்து முழங்கையை அதன்மேல் ஊன்றச் செய்யலாம். நோயாளிக்குப் பதிலாக நீங்களே பார்த்துச் சொல்லிக்கொண்டிராதீர்கள்!

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். நண்பகல் வெயிலைத் தவிர்த்து, மாலை நான்கு மணியளவில் கரையை அடைந்தால், இரைதேடச் சென்றவை கூட்டங்கூட்டமாகத் திரும்புவதைக் காணலாம். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் பறவைகள் மிகுதியாகத் தங்குவதில்லை. ஆகவே நீர் இருப்பையும், நாற்காலி செல்லக்கூடிய வழியையும், கழிப்பறை வசதியையும் வனத்துறையினரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வண்டியை ஏற்பாடு செய்யுங்கள்.